எழுதியவர் யாரெனத் தெரியவில்லை

1

நான் வேலை செய்யும் மில்லுக்குப் போன வருடம் நூறு வயது முடிந்தது. ஜெர்மனியின் மேற்கே, ஒரு பெரிய ஆற்றங்கரையில் உள்ள சின்ன ஊர் இது. ஒரு காலத்தில் இங்கேயும் வீட்டுக்கு வீடு பட்டுத் தறி இருந்ததாம். இப்போது எங்கள் மில் ஒன்றுதான். கழுத்து டைகளும் பாதிரியார் அங்கிக்கான துணியும் நெய்கிறோம். ஆரணியில் பட்டு நெய்த எனக்கு இங்கே மாதிரித் தறியில் வேலை. புது டிசைனை முதலில் கைத்தறியில் ஒரு முழம் நெய்து காட்டுவேன். முதலாளிக்குப் பிடித்தால் மெஷினுக்குப் போகும்.

நூற்றாண்டுக்காக கேண்டீனை ஒட்டிய கூடத்தில் ஒரு கண்காட்சி வைத்தார்கள். குடும்பத்தோடு வரச் சொன்னார்கள். மனைவி தனத்துக்கு அன்று ஷிப்ட். மகள் மலர்விழி வந்தாள். இதைப் பார்த்து இரண்டு பக்கம் எழுதி வரும்படி அவள் பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தார்கள். இல்லாவிட்டால் பதினைந்து வயதுப் பெண் அப்பனோடு எங்கே வருகிறாள்!

தறியில் குறுக்கு நூலை ஓட்டும் பழைய ஓடங்கள், பழைய போட்டோக்கள், முதல் முதலாளியின் தொப்பி. கடைசி மூலையில் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் ஒரு நீள நோட்டு.

நாஜிகள் ஆட்சிக்கு வந்த புதிதில் எழுதியது. மில்லுக்கு எதிரே அப்போது ஒரு யூதக் குடும்பம் பட்டனும் நூலும் விற்கும் கடை நடத்தி வந்தது. அங்கே வாங்கக் கூடாது என்று பிரசாரம் நடந்துகொண்டிருந்தபோது, மில் ஆட்களில் இன்னும் யார் யார் அங்கே போகிறார்கள் என்று ஆபீஸ் ஜன்னலில் உட்கார்ந்து யாரோ குறித்து வைத்திருக்கிறார்கள். தேதி, பெயர், என்ன வாங்கினார். ஒரு பக்கத்தில் பதினோரு பெயர். அடுத்ததில் ஆறு. கடைசிப் பக்கத்தில் ஒரு தேதி மட்டும். அதற்கு எதிரே ஒரே சொல்: யாருமில்லை.

கீழே ஒட்டியிருந்த சீட்டில், கடைக்காரக் குடும்பத்தில் நான்கு பேர் பிறகு கிழக்கே வதைமுகாமுக்கு ரயிலேற்றப்பட்டார்கள், ஒருவரும் திரும்பவில்லை என்று இருந்தது. கடைசி வரி: எழுதியவர் யாரெனத் தெரியவில்லை.

எங்கள் மில் மெக்கானிக் ஹெல்மூட் பக்கத்தில் நின்றிருந்தான். எதைப் பார்த்தாலும் கிண்டல் செய்கிறவன். அன்று அவனும் குரலைத் தாழ்த்தித்தான் பேசினான். "எவனோ ஒரு கோழை. வெளிய போய் அடிக்கவும் தைரியம் இல்ல, கடைக்குப் போகவும் தைரியம் இல்ல. கையெழுத்து மட்டும் நல்லா இருந்திருக்கு" என்றான்.

மலர் கண்ணாடியில் மூக்கு படும்படி குனிந்து பார்த்தாள்.

"அப்பா, எழுத்து எவ்ளோ அழகா இருக்கு பாருங்க. யாருன்னு தெரியலையாம். பொய்! கூட வேல செஞ்சவங்களுக்கு எழுத்து தெரியாதா?"

"வாம்மா, பசிக்குது" என்றேன்.

எனக்குப் பசிக்கவில்லை. அதே மாதிரி ஒரு நோட்டை நான் பார்த்திருக்கிறேன். அது ஆரணியில் இருக்கிறது. அல்லது இருந்தது.

2

ஆரணியில் எங்கள் தெரு முழுக்க நெசவாளர் வீடுகள். தறி தெரியாதவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தறியில் நீளவாக்கில் ஓடும் நூலுக்குப் பாவு என்று பெயர். தறியில் ஏற்றுவதற்கு முன் அதைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்து, இழை இழையாகப் பிரித்து விட்டுக் காய வைக்க வேண்டும். வெயில் ஏறுவதற்குள் முடிய வேண்டும். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரால் ஆகாது. ஏழெட்டுப் பேர் வேண்டும். இல்லையென்றால் நடுவில் தொய்ந்து, இழைகள் ஒட்டிக்கொண்டு, பாவே வீணாகிவிடும்.

இதற்கு யாரும் யாரையும் கூப்பிடுவது கிடையாது. கூப்பிட்டால் தப்பாக நினைப்பார்கள். விடியற்காலையில் தெருவில் கழி நடும் சத்தம் கேட்கும். கேட்டவர்கள் பல் துலக்கியும் துலக்காமலும் வந்து ஆளுக்கு ஓரிடம் பிடித்துக்கொள்வார்கள். கூலி கிடையாது, ஒரு டம்ளர் காப்பி. பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள்கூடப் பாவுக்கு வந்துவிடுவார்கள். பேசாமல் பிடித்துவிட்டுப் பேசாமல் போவார்கள்.

அதனால் எங்கள் தெருவில் ஒருவனைத் தள்ளி வைக்க உத்தரவு எதுவும் தேவையில்லை. வராமல் இருந்தால் போதும்.

எனக்கு எதிர்வீடு பிரகாசம். பத்தாவது வரை ஒன்றாகப் படித்தோம். கிறிஸ்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை தறி ஓட்ட மாட்டார்கள். "எங்களுக்கு மாசத்துக்கு ஒரு அமாவாசதான் லீவு. உனுக்கு வாரத்துக்கு ஒண்ணு வருது. குடுத்து வெச்சவன்டா" என்பேன். "நீயும் வந்து முட்டி போடு. ஃபாதர் ரெண்டு அமாவாச குடுப்பாரு" என்பான். கூச்சத்தால் யாரிடமும் அதிகம் பேசாத நான் அவனிடம் மட்டும் இப்படிப் பேசுவேன்.

தொண்ணூறுகளின் நடுவில் பட்டு நூல் விலை ஏறிப்போனது. எங்கள் பார்டரையே பவர்லூமில் அடித்துப் பாதி விலைக்கு விற்றார்கள். எல்லாருக்கும் பயம். அந்தச் சமயத்தில்தான் அண்ணன் வந்தார். பெயர் வேண்டாம், எல்லாரும் அண்ணன் என்றுதான் சொன்னோம். நெசவாளர்களுக்காக ஒரு மன்றம் ஆரம்பித்தார். ஒரே நிறத்தில் சட்டை. அவர் வந்தால் எழுந்து நிற்க வேண்டும். வீட்டுக்கு வீடு அவர் படம். "நம்ம தொழிலு, நம்ம தெரு, நம்ம ஆளு" என்று அவர் சொல்லச் சொல்ல நாங்கள் திருப்பிச் சொல்வோம். நல்லதும் செய்தார். வருடக்கணக்கில் காற்று மட்டும் வந்த தெருக்குழாயில் தண்ணீர் வர வைத்தார்.

எனக்கு அந்த மன்றம் பிடித்திருந்தது. கூச்ச சுபாவம் உள்ளவனுக்கு வரிசையில் நிற்பது ஒரு சுகம். நாமாகப் பேச வேண்டியதில்லை. பத்துப் பேரோடு சேர்ந்து கத்தினால் போதும்.

ஒருநாள் கூட்டத்தில் பிரகாசம் எழுந்தான்.

"அண்ணே, ஒரு டவுட்டு. போன வருசமே மன்றத்துக்குத் தேர்தல் வெக்கிறேன்னீங்க. எப்போ?"

அண்ணன் சிரித்தார். "உக்காரு பிரகாசம். வெச்சா நீ நிக்கப் போறியா?"

"நிக்கிறனோ படுக்கிறனோ, வெச்சாதானேண்ணே தெரியும்?"

எல்லாரும் சிரித்துவிட்டோம். அண்ணன் இந்தத் தடவை சிரிக்கவில்லை. யார் யார் சிரிக்கிறார்கள் என்று வரிசையாகப் பார்த்தார். என்னிடம் அவர் கண் வருவதற்குள் நான் சிரிப்பை நிறுத்திவிட்டேன்.

அடுத்த வாரம் தெருவில் பேச்சு கிளம்பியது. பிரகாசம் வெளியாளு. அவனுக்கு எங்கிருந்தோ காசு வருது. நம்ம டிசைனை பவர்லூம்காரனுக்குக் காட்டுறதே அவன்தான். அவன் தாத்தா பிறந்ததே அந்த வீட்டில்தான் என்பது சொன்னவர்களுக்கும் தெரியும், கேட்டவர்களுக்கும் தெரியும். என்னிடம் சொன்னபோது நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம். அப்படி ஒரு தலையாட்டு.

3

அண்ணன் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"குமரேசா, உன் எழுத்து முத்து முத்தா இருக்குதாமே! அவன் எதிர்வூடு உனுதுதானே? அவன் பாவுக்கு யார் யார் போறாங்கன்னு எழுதிக்கினு வா. யாரையும் ஒண்ணும் பண்ண மாட்டேன். தெரிஞ்சி வெச்சிக்கணும், அவ்ளோதான்."

பத்துப் பேர் முன்னால் என்னைப் பற்றி ஒருவர் நல்லதாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. மறுக்கலாம் என்று தோன்றவே இல்லை. தோன்றி, பயந்து, ஒத்துக்கொண்டேன் என்று எழுதினால் கொஞ்சம் கௌரவமாக இருக்கும். அப்படி நடக்கவில்லை. நான் சந்தோஷமாகப் போய் ஒரு நீள நோட்டு வாங்கி, சிவப்பு மையில் ஓரக்கோடு போட்டேன்.

முதல் தடவை பிரகாசம் பாவு போட்டபோது ஐந்து பேர் வந்தார்கள். வழக்கமாக வருகிற ஆறாவது ஆள் நான். ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து ஐந்து பெயரையும் எழுதினேன். அடுத்த கூட்டத்தில் அண்ணன் அந்தப் பெயர்களைப் படித்தார். திட்டவில்லை, மிரட்டவில்லை. படித்தார், நோட்டைக் கீழே வைத்தார், டீ குடித்தார். அவ்வளவுதான்.

இரண்டாவது தடவை இரண்டு பேர்.

மூன்றாவது தடவை கழி நடும் சத்தம் வழக்கத்தைவிட அதிக நேரம் கேட்டது. பிரகாசம் ஒரு முனையில் நின்றான், அவன் மனைவி ஆரோக்கியம் இன்னொரு முனையில். தெருவில் எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. கதவுக்குப் பின்னால் எல்லாரும் விழித்திருந்தார்கள். பிரகாசம் யாரையும் கூப்பிடவில்லை. கூப்பிடும் பழக்கம்தான் இல்லையே. கஞ்சி தெளித்துவிட்டுக் காத்திருந்தான். பிறகு ஆரோக்கியம் முனையைக் கழியில் கட்டிவிட்டு நடுவே ஓடி வந்து பிரித்தாள். அவன் இந்தப் பக்கம் ஓடினான். அதற்குள் வெயில் வந்துவிட்டது. ஈரம் காயக் காய இழைகள் கொத்துக் கொத்தாக ஒட்டுவது என் ஜன்னலிலிருந்தே தெரிந்தது. நான் தேதி போட்டு, எதிரே 'யாரும் வரவில்லை' என்று எழுதி, ஸ்கேல் வைத்து அடிக்கோடிட்டேன்.

கூலிக்கு நெய்யப் பாவு கொடுத்த முதலாளி மறுபடி அவனுக்குக் கொடுக்கவில்லை. இரண்டு மாதத்தில் தறியைப் பிரித்து ஒரு டெம்போவில் ஏற்றிக்கொண்டு முள்ளிப்பட்டுக்குப் போய்விட்டார்கள். அன்று நான் ஊரில் இல்லை. மறுநாள் நடக்கப்போகும் ஒரு கல்யாணத்துக்கு முதல் நாள் காலையிலேயே வெம்பாக்கம் போய் உட்கார்ந்திருந்தேன்.

கொஞ்ச நாளில் அண்ணனின் சொந்தக்காரரான சென்னை ஏற்றுமதிக்காரர் ஒருவர், ஜெர்மன் மில்லுக்குக் கைத்தறி தெரிந்த ஆள் தேடினார். அண்ணன் என்னைக் காட்டினார். "நம்ம பையன். சொன்னத செய்வான், கேள்வி கேக்க மாட்டான்."

இந்த நாட்டுக்கு நான் வந்தது இப்படித்தான். இங்கே என் மகள் படிக்கும் படிப்பு, பல்லுக்குக் கம்பி, சைக்கிள் எல்லாம் அந்த நோட்டிலிருந்து வந்தவைதான்.

4

பத்தாவது படித்தவன் சரித்திரம் பேசக் கூடாது. ஒரு தேசம் முழுக்க நடந்த கொலையையும் எங்கள் தெருவில் நடந்ததையும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. பிரகாசம் உயிரோடு இருக்கிறான். ஆனால் கண்காட்சிக்குப் பிறகு நூலகத்தில் படம் போட்ட புத்தகங்களாக எடுத்துப் பார்த்தேன். கடைசியில் நடந்தது எனக்குத் தெரியாத உலகம். ஆரம்பம் மட்டும் தெரிந்ததாக இருந்தது. முதலில் விலைவாசியும் பயமும். பிறகு ஒரே நிறச் சட்டை, சுவரில் படம். தலைவரைப் பற்றிய ஜோக்குகள் நின்றுபோவது. பக்கத்து வீட்டுக்காரன் ஒரே வாரத்தில் வெளியாள் ஆவது. யாரையும் ஒன்றும் செய்ய மாட்டோம், பெயர் மட்டும் எழுதிக்கொள்கிறோம் என்பது. இவ்வளவுக்கும் கெட்டவர்கள் நிறையப் பேர் தேவைப்படவில்லை. ஜன்னல் ஓரத்தில் ஒருவன் இருந்தால் போதுமாக இருந்தது.

இப்போது இங்கே தேர்தல் சமயத்தில் எங்கள் வீட்டு வாசல் விளக்குக் கம்பத்தில் ஒரு சின்னக் கட்சி போஸ்டர் கட்டுகிறது. வெளிநாட்டுக்காரர்களே, நல்லபடியாக ஊர் போய்ச் சேருங்கள் என்று அதில் இருக்கும். தனம் அதைப் பார்க்காமல் குனிந்துகொண்டே பஸ்ஸுக்குப் போவாள். ஒருவேளை யாராவது நோட்டு போட்டால் அதில் நாங்கள் எந்தப் பக்கம் இருப்போம் என்று அவளுக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போன் செய்தால் தனத்தின் தம்பி உற்சாகமாகப் பேசுகிறான். "நாட்டுக்கு ஒரு கண்டிப்பான ஆளு வேணும் மாமா. எலெக்சன், கோர்ட்டுன்னு ஒரே பேஜாரு. ஒருத்தர் சொன்னா எல்லாரும் ஜல்தியா கேக்கணும்."

"அப்படியா" என்கிறேன்.  அதே பழைய தலையாட்டுதான், போனில்.

5

எட்டு வருடம் முடிந்தால் குடியுரிமைக்கு மனுப் போடலாம். பிறப்புச் சான்று, கல்யாணச் சான்று, அவற்றின் மொழிபெயர்ப்பு, மொழிபெயர்த்தவர் சரியானவர்தான் என்பதற்கு ஒரு முத்திரை என்று ஒரு வருடம் அலைந்தேன். முதல் நாளே குடியுரிமை ஆபீஸ் அதிகாரி அம்மாவிடம், நீங்கள் என்று சொல்ல வேண்டிய இடத்தில் நீ என்று சொல்லிவிட்டேன். அவர் பேனாவைக் கீழே வைத்து என்னைப் பார்த்தார். மலர்தான் பக்கத்திலிருந்து மன்னிப்புக் கேட்டாள்.

கண்காட்சிக்கு அடுத்த வாரம் கடைசிக் காகிதத்துக்குக் கூப்பிட்டார்கள். ஓர் உறுதிமொழி. இந்நாட்டின் சுதந்திரமான ஜனநாயக முறையை ஏற்கிறேன், அதற்கு எதிரான எதையும் நான் ஆதரித்ததில்லை, ஆதரிக்கவுமில்லை என்று கையெழுத்துப் போட வேண்டும்.

நான் படித்தேன். மறுபடி படித்தேன்.

"இந்தியாதானே நீங்கள்? இது வெறும் சடங்கு. கீழே போடுங்கள்" என்றார் அதிகாரி.

அவர் சொன்னது சரி. ஆரணியில் ஒரு தெருவில் நடந்ததைப் பற்றி அந்தக் காகிதம் கேட்கவில்லை. ஆனாலும் பேனா ஓடவில்லை. வீட்டில் படித்துவிட்டுக் கொண்டு வருகிறேன் என்று சொல்லி வாங்கி வந்தேன். வெளியே வந்ததும், ஏன் கையெழுத்துப் போடவில்லை என்று மலர் ஜெர்மனில் பொரிந்து தள்ளினாள். வாசல் படியில் வைத்தே அவளிடம் சொன்னேன். எல்லாவற்றையும். சிவப்பு ஓரக்கோடு உட்பட.

அவள் அழவில்லை, கத்தவில்லை. இரண்டு நாள் அம்மாவிடம் மட்டும் பேசினாள். மூன்றாம் நாள் சாப்பிடும்போது கேட்டாள்.

"அவருக்குத் தெரியுமா, நீங்கதான்னு?"

"தெரியாது. தெரியலன்னுதான் நெனைக்கிறேன்."

"நான் இத ஸ்கூல்ல எழுதட்டா?"

"வேண்டாம்மா."

"அப்போ நீங்க எழுதுங்க. தமிழ்ல. அங்க இருக்கிறவங்க படிக்கிற மாதிரி." தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

6

கோடை விடுமுறையில் ஊருக்குப் போனோம். பஸ் ஸ்டாண்டில் அண்ணனின் பேனர், மூன்று ஆள் உயரம். இப்போது அவர் பெரிய கட்சியில் இருக்கிறார். மறுநாள் விடியும் முன்பே ஒரு ஆட்டோ பிடித்து மலரோடு முள்ளிப்பட்டுக்குப் போனேன்.

நாங்கள் போய் இறங்கியபோது பிரகாசத்தின் வீட்டு முன்னால் பாவு போட்டிருந்தார்கள். ஏழு பேர் பிடித்திருந்தார்கள். நடுவில் ஒரே ஓர் இடம் காலியாக இருந்தது. பிரகாசத்துக்கு முடி நரைத்துவிட்டது. என்னைப் பார்த்தான். அடையாளம் தெரிந்துவிட்டது என்பது அவன் முகத்தில் தெரிந்தது.

"வாங்க. எப்போ வந்தீங்க? உக்காருங்க" என்றான்.

பத்தாவது வரை வாடா போடா என்றவன். நான் நேராகக் காலி இடத்துக்குப் போய்க் கையை நீட்டினேன்.

"வேணாங்க. ஆளு கீறாங்க" என்றான். "ஆரோக்கியம், சாருக்குச் சேர் எடுத்தா."

ஆரோக்கியம் பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டு வந்து துடைத்துப் போட்டாள். "உக்காருங்க சார். ஃபாரின் சட்டை. கஞ்சி பட்டா போவாது" என்றாள்.

மலர் என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் அந்தக் காலி இடத்தில் நின்றாள். அவளை யாரும் கூப்பிடவில்லை, யாரும் தடுக்கவுமில்லை. பக்கத்தில் நின்ற பெண் அவள் விரலைப் பிடித்து எப்படிப் பிரிப்பது என்று காட்டினாள். நான் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மறுபடியும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

வேலை முடிந்து காப்பி கொடுத்தார்கள். நான் பிரகாசத்திடம், "அந்த நோட்டு..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும். மொத நாளே தெரியும்" என்றான். "ஜன்னல்ல உன் தல தெரிஞ்சுது. எழுதிட்டு எழுதிட்டு நிமிர்ந்து பாத்தே." இதைச் சொல்லும்போது மட்டும் மரியாதை போய்விட்டது. எனக்கு அது ஆறுதலாக இருந்தது.

"பயந்துட்டே, சரி. எல்லாருந்தான் பயந்தாங்க. ஆனா அந்தக் கடைசிப் பாவு ஒட்டிக்கினு போச்சே, பாத்துக்கினுதானே இருந்தே? நீயும் தறிக்காரன்தானே? எழுதுனது ஒரு கைதான். இன்னொரு கை சும்மாதான இருந்துச்சு?"

நான் காலி டம்ளரை நீட்டினேன்.  அதை வாங்கிக்கொண்டு, "பாத்துப் போங்க. வெயில் ஏறுது" என்றான். மறுபடி நீங்க ஆகிவிட்டது.

திரும்பி வரும்போது மலர் கையில் காய்ந்த கஞ்சியைச் சுரண்டிக்கொண்டே வந்தாள்.  என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.

7

அந்த உறுதிமொழிக் காகிதம் இன்னும் எங்கள் சமையலறை மேசை டிராயரில் இருக்கிறது. அதிகாரி இரண்டு தடவை கடிதம் போட்டுவிட்டார். போட்டுக் கொடுத்துவிடலாம். ஆனால் அதில் போடுவதற்கு முன்னால் இன்னோர் இடத்தில் நான் போட வேண்டிய கையெழுத்து ஒன்று பாக்கி இருக்கிறது.

ஆரணியில் மன்றம் நடந்த அந்தக் கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அங்கே பீரோவிலோ பரணிலோ உங்களில் யாருக்காவது ஒரு நீள நோட்டு கிடைக்கலாம். சிவப்பு மையில் ஓரக்கோடு போட்டிருக்கும். மூன்று தேதிகள். ஒன்றில் ஐந்து பெயர், ஒன்றில் இரண்டு, ஒன்றில் யாரும் இல்லை. அந்த ஐந்து பேரும் தைரியசாலிகள். அவர்கள் பெயருக்குப் பக்கத்தில் அப்படி எழுதி வையுங்கள். எழுதியவர் யாரெனத் தெரியவில்லை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

எழுதியது நான். முனுசாமி மகன் குமரேசன், பிரகாசத்தின் எதிர்வீடு.